முப்பத்தேழாம் தட்டு

சுபிய்யா கரையில் கடல் பின்வாங்கினால்
ஒரு கிலோமீட்டர் போகும்.
சொல்லிக்கொள்ளாமல் போகும்.
விடிகாலை நாலேகாலுக்கு
டாக்டர் பதூர் முழங்கால் சேற்றில் நிற்கிறார்,
அலுமினியக் குழாயை நட்டுப் பிடித்தபடி.
"அடி" என்கிறார். அடிக்கிறேன்.
ஓர் அடிக்கு இரண்டு விரற்கடை இறங்குகிறது.
பிடுங்கும்போதுதான் சேறு
விடமாட்டேன் என்றது.

மூன்று பேர் இழுத்தோம்.
படகுக்காரர் மஹ்ரூஸ் தமியாத்துக்காரர்,
நைல் கடலில் விழும் இடத்தில் பிறந்தவர்.
"எங்கள் ஊருக்குள் கடல் வருகிறது,
நான் இங்கே வந்து சேறு இழுக்கிறேன்" என்று
அரபியில் சொல்லிச் சிரித்தார்.
என் ஊரும் ஆற்றின் வாய்தான்.
அதைப் பற்றி இங்கே பேசப்போவதில்லை.

இந்தச் சேறு இங்கே பிறந்ததல்ல.
வடக்கே பனி உருகும் மலைகளில் கிளம்பி
இரண்டு ஆறுகளில் இறங்கி
நாணல் காடுகளில் நின்று நின்று நடந்து
பூபியான் தீவின் முதுகுப்புறம் வந்து படுத்தது.
விரலில் எடுத்தால் மாவு.
நாக்கில் வைத்தால் முதலில் உப்பு, பிறகு
பதூர் பார்த்துவிட்டார்:
"மாதிரியைத் தின்னாதே."

ஷுவைக் ஆய்வுக்கூடத்தில் ஏசி பதினெட்டு.
வெளியே நாற்பத்தொன்பது.
குழாயைப் பிளந்தால்
ஒன்றரை மீட்டர் நீளத்தில் இருநூறு வருஷம்,
சாம்பல் நிறம்.
இரண்டு சென்டிமீட்டருக்கு ஒரு துண்டு,
துண்டுக்கு ஒரு தட்டு, தட்டுக்கு ஓர் எண்.

பன்னிரண்டில் கறுப்புக் கோடு:
கிணறுகள் எரிந்த காலம்.
கத்தியைத் துடைத்த துணியில் எண்ணெய் வாடை.
இருபத்திரண்டில்
யாரோ எங்கோ வெடித்துப் பார்த்த குண்டுகளின் தூசி,
கருவியின் காதுக்கு மட்டும் கேட்கும்.
மேலே வர வரக் களிமண் குறைகிறது,
கிளிஞ்சல் தூளும் பாலை மணலும் கூடுகின்றன.
வடக்கே எத்தனை அணை என்று
பதூர் விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்,
இடது கைக்கும் போனார்,
பாதியில் விட்டுவிட்டு டீ கேட்டார்.

முதலில் நூற்றைந்து டிகிரியில் காயவைப்பது.
அப்புறம் உலை, ஐந்நூற்றைம்பது.
எரிந்து குறைந்த எடைதான்
ஒரு காலத்தில் இலை, வேர், நண்டு.
நிறுத்துப் பார்த்து இல்லாததை எழுதவேண்டும்,
அதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

ஒரு வியாழக்கிழமை வீட்டிலிருந்து போன்.
இடுக்கி நழுவியது.
முப்பத்தேழாம் தட்டு தரையில்.
ஏறத்தாழ மூன்று வருஷம்.
முத்துக் குளிக்கப் போனவர்கள்
திரும்பி வந்த, வராத
ஏதோ மூன்று வருஷம்
டைல்ஸ் மீதும் என் செருப்பின் மீதும்.
பெருக்கினேன். குப்பைக்கூடையை மூடினேன்.

முப்பத்தாறு: ஐந்து புள்ளி இரண்டு.
முப்பத்தெட்டு: ஐந்து புள்ளி ஆறு.
கூட்டி இரண்டால் வகுக்க யாருக்குத் தெரியாது?
ஐந்து புள்ளி நான்கு.
பென்சிலில் எழுதியும் விட்டேன்.
பார்க்க அழகான எண்.
தூக்கம் வரவில்லை என்று சொன்னால் பொய்,
நன்றாகத்தான் தூங்கினேன்.
காலையில் ஏனோ சொல்லிவிட்டேன்.

பதூர் என்னைவிட ஆறு வயது இளையவர்.
கத்துவார் என்று நின்றேன்.
ரப்பரை எடுத்து எண்ணை அழித்தார்,
கட்டத்தில் ஒரு கோடு போட்டார்,
ரப்பர் தூளை ஊதினார்.
"நீ என்ன ஆறா,
உன் இஷ்டத்துக்கு நிரப்ப?"

கட்டுரை அடுத்த வருஷம் வந்தது.
நன்றி சொல்லும் வரியில் கடைசியாக நான்.
வரைபடத்தில் எழுபத்துநான்கு புள்ளி,
கீழிருந்து வளைந்து வளைந்து மேலேறும் கோடு
பாதி வழியில் அறுந்து,
ஒரு நெல் அகலம் வெள்ளையாய்க் கிடந்து,
மறுபடி தொடர்கிறது.

ஃபர்வானியா அறையில்
என் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறேன்.
மேல்கட்டில் காஜா நஜ்முதீன்
பல் துலக்கிக்கொண்டே விரல் வைத்துக் கேட்டார்,
"இங்கே அச்சுப்பிழையா?"

"இல்லை. பிழை கீழே, என் பெயரில்.
ஓர் எழுத்து விட்டுப்போச்சு.
இது சரி."