மூன்றாம் நிரல்

குமிழி படக்கூடாது.
ஒரு குமிழி புகுந்தாலும் போத்தலுக்குள் இருப்பது
கடல் அல்ல.
முழங்கைவரை கையைத் தண்ணீரில் வைத்து
அடியிலேயே மூடியைத் திருகி எடுக்கிறேன்,
கொட்டியாரக் குடாவின் நாலாவது நிலையத்தில்,
பதினைந்து நாளுக்கு ஒருக்கால்.

என்ஜினை நிறுத்திவிட்டு முசம்மில்
மூக்கைத் தூக்குவான்.
"இண்டைக்கி லேசா இருக்கு மிஸ்.
கோவா அவிச்ச சட்டியைக் கழுவின மாதிரி."
எழுதிக்கொள்கிறேன்.

எனக்கு மணம் இல்லை.
காய்ச்சல் வந்த அந்த வருஷம் போனது,
திரும்பவில்லை.
அடுப்பில் பொங்கிக் கருகும் பால்,
மண்ணெண்ணெய்,
மகனின் தலை,
எல்லாம் ஒரே வெள்ளைக் காகிதம்.
இந்த வேலைக்கு விண்ணப்பித்தபோது
அதை யாரும் கேட்கவில்லை.
நீந்தத் தெரியுமா என்று மட்டும் படிவத்தில் இருந்தது.

கண்ணுக்கு எட்டாத பச்சை உயிர்கள்
உப்பு தம்மை உறிஞ்சிவிடாதிருக்கக்
கந்தகத்தை உள்ளே பொத்தி வைத்திருக்கின்றன.
பொத்தி வைத்திருக்கும்வரை வாசனை இல்லை.
இறாலின் தூரத்துச் சொந்தம் ஒன்று கடிக்க வேண்டும்,
அல்லது நோய்பட்டுத் தோல் கிழிய வேண்டும்.
கசிந்ததில் பெரும்பங்கைப் பற்றீரியா தின்றுவிடும்.
மிச்சம்தான் மேலே வரும்.
முசம்மிலிடம் சொன்னேன்.
"அப்ப நாங்க மணக்கிறது மவுத்தையா?"
சிரித்தான்.
பிறகு கொஞ்ச நேரம்
மூச்சை இழுக்காமல் இருந்தான்.

மார்கழியில் மகாவலி
வயல்களின் உரத்தையும்
ஒற்றை ரப்பர் செருப்பையும் கொண்டுவந்து கொட்டியது.
குடா முழுக்கத் தேநீர் நிறம்.
கருவி: ஒன்று தசம் இரண்டு.
முசம்மில்: ஒண்டுமில்ல. சேறு.

மாசியில் தெளிந்தது.
பங்குனி அமாவாசைக்குப் பிறகு வெளிச்சம்
ஏழு பாகம் இறங்கிப் போனது.
முசம்மில்: கோவா. நல்லாக் கோவா.
பெயர் தெரியாத கறுத்த பறவைகள்
காற்றுக்கு எதிரே வளைந்து வளைந்து
எங்களைத் தாண்டிப் போயின,
யாரோ கூப்பிட்டதுபோல.
அன்றிரவு சீனக்குடா ஆய்வுகூடத்தில்
மின்சாரம் போவதற்கு முன்
கருவி காகிதத்தில் ஒரு மலையை வரைந்தது.
அதன் உச்சியில் ஆள்காட்டி விரலை வைத்தேன்.
இதுதானா அது?
விரலை மூக்கருகே கொண்டுபோனேன்.
யாரும் பார்க்கவில்லை.

சித்திரையில் காற்றே இல்லை.
வாயு தண்ணீருக்குள்ளேயே கட்டிக் கிடந்தது.
ஆனியில் கச்சான்
மூதூர்க் கரை தாண்டிச் சூடாக இறங்கி
மேல்நீரை வாரிக்கொண்டு போனது.
தண்ணீரில் குறைந்தது,
அவன் மூக்கில் கூடியது.
முதன்முறையாக இரண்டு நிரலும் சண்டையிட்டன.
பேராசிரியர் தொலைபேசியில்
மூன்றாம் நிரலை அழிக்கச் சொன்னார்:
மூக்கு ஒரு கருவி அல்ல.

பென்சிலால் எழுதியிருந்ததன் மேல்
பேனையால் எழுதினேன்.

போனது எங்கே போனது?
வெயில் அதை வேறொன்றாக்கும் என்கிறார்கள்.
தூசியிலும் சிறிய தூசி.
அதைச் சுற்றி நீர் கூடும்,
கூடியது வெளுக்கும், வெளுத்தது கறுக்கும்.
என் கையைத் தப்பியது
என் தலைக்கு மேலே நிற்கிறது
என்று நம்ப எனக்கு ஒரு எண்ணும் இல்லை.

ஐப்பசி இருபத்தொன்று.
கோணேசர் மலை முதலில் மறைந்தது,
பிறகு வெளிச்சவீடு,
பிறகு எங்கள் முன்னணியம்.
முசம்மில் என்ஜினுக்குப் படங்கை இழுத்து மூடினான்.
திட்டத்தில் இல்லாத ஒரு போத்தலைத் திறந்து
மழைக்கு நீட்டினேன்.
ஒட்டிய சீட்டில் நிலைய இலக்கம் இல்லை.
"எப்படி மணக்குது, சொல்லு?"
"சளி மிஸ்," என்றான், மூக்கைத் துடைத்துக்கொண்டு,
"ரெண்டு நாளா ஒரே அடைப்பு.
நீங்களே பாருங்க."

பார்த்தேன்.
போத்தல் முழுக்கக் குமிழி.