மூன்றாவது பாலத்தில் எத்தனை கோடு

அறுபத்தெட்டு வெள்ளி ஒரு பக்கம்.
இருபத்தைந்து வெள்ளி ஒரு பக்கம்.
நடுவில் நாற்பத்து மூன்று:
ஒரு தோங் கேஸ், ஒரு தட்டு முட்டை,
மீதிச் சில்லறைக்கு
காக் நோர் கடையில் இரண்டு நாசி லெமாக்.

ஆ சியோங் கடைச் சுவரில்
புதுக் கம்பெனியின் வரைபடம்.
புக்கிட் செராயா முழுக்க ஊதா.
செம்பனைக் காடு, ஆலை, ஆறு, கோயில் மேடு,
எல்லாவற்றுக்கும் ஒரே தூரிகை.
தீட்டியவன் ஒரு நாளும்
எங்கள் பதினான்காம் பிளாக் மேட்டில்
பெட்ரோல் தீர்ந்த மோட்டாரைத்
தள்ளிக்கொண்டு ஏறியிருக்க மாட்டான்.

"லைன் நல்லா இருக்குமா?" என்றேன்.
"இங்க நல்லா இருக்கு" என்றான்
கடை வாசலைக் காட்டி.
பொய் இல்லை.
கடைக்கு நேர் பின்னால்தான் கோபுரம்.

அதனால் ஒரு வாரம்
உதிரிப் பழம் பொறுக்கப் போகையில்
இரண்டு கைப்பேசி சுமந்தேன்.
இடுப்பில் இடப் பக்கம் பழையது.
வலப் பக்கம், மகன் விட்டுப்போன
முகம் உடைந்த போனில் புதியது.
நாள்காட்டித் தாளின் பின்புறம் எழுதினேன்:

நிறுவை மேடை. பழையது நான்கு, புதியது மூன்று.
கிளினிக் வாசல். இரண்டும் நான்கு.
எங்கள் அடுப்படி. பழையது இரண்டு.
புதியது ஜன்னலைத் திறந்தால் ஒன்று,
மூடினால் இல்லை.
கோயில் மேட்டில் புதியது ஐந்து.
சாமிக்கு யாரிடம் பேச வேண்டியிருக்கிறதோ.

பிறகுதான் தெரிந்தது
கோடு வேறு, பேச்சு வேறு.
நான்கு கோட்டிலும் அக்கா குரல்
கிணற்றில் கரண்டி விழுந்த மாதிரி வந்தது.
ஒரே கோட்டில் ஒரு தடவை
அவள் மூக்கை உறிஞ்சியதுகூடக் கேட்டது.

சரியான வரைபடம் புல்லில் இருந்தது.
வங்காளதேசத்து ஆட்களும் நேப்பாளிகளும்
வேலை முடிந்து ஊரோடு பேசும் இடங்களில்
புல் தேய்ந்து, மண் வழுக்கையாய்க் கிடக்கும்.
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒரு வழுக்கை.
உரக் கொட்டகை மூலையில் ஒன்று.
தில்பகதூர் மரத்தடியில் நாற்காலியே போட்டிருந்தான்.
நான் மாறப்போகும் அதே கம்பெனி.
"இதை ரெண்டடி தள்ளினா
பொண்டாட்டி முகம் அப்படியே நின்னுபோகும், அக்கா"
மலாயில் சொல்லிச் சிரித்தான்.
நாற்காலியின் நான்கு கால்களும்
மண்ணில் குழி பறித்திருந்தன.

மூன்றாவது பாலத்தைக் கடைசிக்கு விட்டேன்.

போன ஐப்பசி மழையில்
ஆலை ஷிப்ட் முடிந்து வந்த குணாளன்
அங்கேதான் சறுக்கினார்.
முழங்காலுக்குக் கீழே
கால் அவர் சொல் கேட்கவில்லை.
ஒரு கோடு இருந்தது.
அதைப் பிடித்துக்கொண்டுதான் என்னைக் கூப்பிட்டார்.

பழையதில் இன்றும் அதே ஒரு கோடு,
காவலுக்கு நிற்பதுபோல்.
புதியதில் பெருக்கல் குறி.
கையை உயர்த்தினேன்.
பாலத்துக் கைச்சுவரில் ஏறினேன்.
பெருக்கல் குறி.
ஆலைப் பக்கம் நடந்தேன், எண்ணிக்கொண்டே.
பன்னிரண்டாவது எட்டில்
ஒரு கோடு முளைத்தது.

பன்னிரண்டு எட்டு.
எனக்கு ஒரு மூச்சு.
கால் உடைந்து கிடப்பவருக்கு
ஓர் எட்டு எத்தனை வெள்ளி?
நாற்பத்து மூன்றை வகுத்துப் பார்த்தேன்.
மூன்றரை வெள்ளி, சொச்சம்.
தாளை மடித்து இடுப்பில் செருகினேன்.

திங்கட்கிழமை என் லைனை மாற்றிக்கொண்டேன்.
அவருடையதைத் தொடவில்லை.
"எனக்கு மட்டும் ஏன் பணக்காரன் சிம்?" என்றார்.
"ராத்திரி வர்றது நீங்கதானே" என்றேன்.
பாலத்தை நாங்கள் வீட்டில் பேசுவதில்லை.

இப்போதெல்லாம் பதினோரு மணிக்கு
அடுப்படி ஜன்னல் திறந்தே இருக்கிறது.
கொசு வருகிறது.
வரட்டும்.
அந்த ஒரு கோடும்
அதன் வழியாகத்தானே வர வேண்டும்.