மூன்றடுக்கு கேக்கும் நான்கு டேம்பர்களும்

ஆட்டோக்காரர் வரவில்லை. அதனால் நான்.

பின்சீட்டின் பெரிய பாதியை மடக்கிப் படுக்கவைத்து
யோகா பாய் விரித்து கேக்கை ஏற்றினோம்.
சின்னப் பாதியில் எஸ்தர்ராணி,
இரண்டு கைகளாலும் காற்றைப் பிடித்தபடி.
ஏசி பதினேழில்.
ராயபுரத்திலிருந்து எண்ணூர், ஐந்தரைக்குள்.

“கம்ஃபர்ட்ல போடு.”
போட்டேன்.
“இம்மாத்தூண்டு வண்டிக்கு எத்தனை குதிரைடி?”
இருநூற்று நாலு.
“கல்யாண ஊர்வலத்துக்கே ஒண்ணு போதும்.”

சக்கரத்துக்கு ஒன்றாய் நான்கு டேம்பர்.
ஒவ்வொன்றுக்குள்ளும் எண்ணெய்,
எண்ணெய்க்கு ஒரு வாசல்.
பள்ளம் என்று சக்கரம் சொல்லி முடிப்பதற்குள்
எவ்வளவு திறப்பது என்று
வண்டி நூறு தடவை யோசித்துவிடும்.
அறுபது மாதக் கடன் பத்திரத்தில்
நான் ஒரு தடவைகூட யோசிக்காமல் கையெழுத்துப் போட்டேன்.
துறைமுக ஏஜென்ட் ஆபீஸில்
இதே டேம்பர்களுக்கு எடை, எண்ணிக்கை, வரி என்று
தட்டச்சுப் பண்ணிக் கப்பலிலிருந்து இறக்கியவள்.
தெருவில் எல்லாரும் மைலேஜ் கேட்கிறார்கள்.

காசிமேட்டில் ஐஸ் உருகிய தண்ணீர் சாலையைத் தாண்டுகிறது.
மீன் ஏற்றிய மினி வேன் குறுக்கே வந்து
மன்னிப்பாக ஒரு ஹாரன்.
பிறகு விரைவுச் சாலை, பெயரில் மட்டும்.
இடப்பக்கம் டிரெய்லர்கள், நிழலில் டிரைவர்கள் தூங்க.
வலப்பக்கம் கருங்கல் குவியல், அதற்கப்பால் கடல்.
மணலிப் பக்கத்துக் காற்று ஏசிக்குள்ளும் நுழைந்து
வெனிலாவோடு மோதுகிறது.

பள்ளிக்கூடத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை.
பெயின்ட் இல்லை. நேற்று ராத்திரி யாரோ போட்டது.
“ஏசுவே,” என்றாள்.
வண்டி ஏறியது, இறங்கியது,
ஒரே ஒரு மூச்சு விட்டு
சமமாகிவிட்டது.

கொஞ்ச தூரம் யாரும் பேசவில்லை.
அப்புறம் எஸ்தர் சொன்னாள்:
“மொத குலுக்கல்ல கேக் உடையாது, தெரியுமா.
ரெண்டாவது, மூணாவதுலதான்.
ஆட்டோ குதிச்சிக்கினே இருக்கும்ல,
பள்ளம் எப்பவோ போயிருக்கும்.”
பதினோரு வருடமாகக் கேக் தூக்கிப் போகிறவள்.

மாப்பிள்ளையை எனக்குத் தெரியும்.
அதை அவள் கேட்கவில்லை.
நான் ஸ்டியரிங்கின் தையலைத் தடவிக்கொண்டிருந்தேன்.

ஐந்து இருபதுக்குக் கோயில் ஹால்.
பதினான்கு கிலோமீட்டரில் அசையாதது
மாடிப்படியில், நாலு பேர் பிடித்துத் தூக்கும்போது
மேலடுக்கில் நகக்கீறலாய் விரிந்தது.
எஸ்தர் விரிசலைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தாளாம்,
ஒரு சர்க்கரை ரோஜாவை அங்கே நட்டாளாம்.
நான் மேலே போகவில்லை.
பிரியாணிக்கு அவள் தங்கிவிட்டாள்.

இருட்டில் தனியாகத் திரும்பும்போது ஸ்போர்ட்டில் போட்டேன்.
சைலன்சர் தொண்டையைச் செருமியது.
ஸ்டியரிங் கைகளில் கனத்தது.
வாசல்கள் நான்கும் இறுகிக்கொண்டன.
வந்த சாலையா இது?
தார் ஒட்டு, மேன்ஹோல் மூடி,
லாரி உதிர்த்த கரித்துண்டு,
ஒவ்வொன்றும் முதுகுத்தண்டில் வந்து
பெயர் சொல்லிவிட்டுப் போயின.
நாற்பதுக்கு மேல் போக முடியவில்லை.
முன்னால் ஒரு டிரெய்லர்,
அதன் பின்னால் இருநூற்று நாலு குதிரைகள் வரிசையில்.

பின்னால் காலி அட்டைப்பெட்டி குதித்துக்கொண்டே வந்தது.
ஒன்று. ரெண்டு. மூணு.
எண்ணாமல் இருக்க முடியவில்லை.
ஆனால் பட்டனை மாற்றவில்லை.

காசிமேட்டு சிக்னலில் எஸ்தரின் செய்தி:
கீழடுக்கு காலி. உனக்கு ஒரு துண்டு
டிஷ்யூல சுத்தி வச்சிருக்கேன். அவங்க அம்மா
யார் வண்டின்னு கேட்டாங்க. ஆட்டோன்னு சொன்னேன்.

சிவப்பில் இன்னும் இருபத்தியிரண்டு நொடி.
சீட் பெல்ட்டெல்லாம் கிரீம்,
என்று பதில் அனுப்பினேன்.