வால்வு எண் பதினாலு

மொட்டைக் கடிதம்தான். ஆனாலும் கையெழுத்து முத்து முத்தாக.
'மதிப்பிற்குரிய விசாரணை அலுவலர் ஐயா' என்று தொடங்கியிருந்தது.
அந்த நாற்காலியில் ஒரு பொம்பளை இருப்பாள் என்று
காரைக்குடியில் யாரும் நினைப்பதில்லை.

நகராட்சி மாநகராட்சி ஆனதில் பெயர்ப்பலகைதான் புதிது.
எனக்கு ஒதுக்கியது பழைய பிறப்பு இறப்புப் பிரிவு.
அலமாரியைத் திறந்தால் இன்னமும்
எழுபத்தாறாம் வருஷத்துச் சாவுகள் சரிந்து விழும்.
கேண்டீனுக்குள் நான் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும்,
வடைச் சட்டி மட்டும் விடாமல் பேசும்.
என் டீக்கு நானே காசு கொடுப்பேன். பன்னிரண்டு ரூபாய்.
யாராவது பார்க்கும்படி, எண்ணி.

பதினேழு-பி.
குடிநீர்ப் பிரிவு ஊழியர் வெள்ளைக்கண்ணு என்பார்
மார்ச் மாதம் நெடுக, வால்வு எண் பதினாலில்,
நாள்தோறும் நாற்பது நிமிடம் கூடுதலாகத் திறந்தார்.
இது குற்றச்சாட்டு ஒன்று.
கையூட்டு பெற்றுத் திறந்தார். இது இரண்டு.
எவ்வளவு, யாரிடம் என்று கடிதத்தில் இல்லை.
இந்தக் கடிதங்களில் அது இருப்பதே இல்லை.

ஓய்வு பெறுகிற நாள், மாலை ஐந்தே முக்கால்.
சம்பங்கி மாலையை மேசையில் ஓரமாக நகர்த்திவிட்டுப்
பணியிடை நீக்க ஆணையை நீட்டியிருக்கிறார்கள்.
நாள், நேரம் போட்டுக் கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டாராம்.
மாலை என்ன ஆனது என்று கேட்டேன்.
வினாப்பட்டியலில் இல்லாத கேள்வி அது.
"ஆடு தின்னுச்சு" என்றார்.

பிறகு சொன்னார், நான் கேட்காமலே:
"தொறந்தது நெசந்தாம்மா.
அந்தத் தெரு மேட்டுத் தெரு. மொகப்புல ஆறு பெரிய வீடு.
வருஷம் முச்சூடும் பூட்டிக் கெடக்கும்.
கல்யாணம் காச்சின்னு வந்துட்டாக, அம்புட்டுத்தான்,
மோட்டாரப் போட்டு இழுத்துருவாக.
சம்பை ஊத்துத் தண்ணி அத்தனையும் அந்தத் தொட்டிக்குள்ள.
கடைசி நாலு வீட்டுக்குக் கொழா இருமும், தண்ணி வராது.
நான் கூட நாப்பது நிமிசம் விட்டா
அந்த இருமல் நிக்கும். அம்புட்டுத்தான்."

"காசு?"
"ஒரு வீட்டுல மோர் குடுத்தாக."

டைப்பிஸ்ட் இன்பவல்லி 'மோர்' என்று அடித்தாள்.

கடைசி நாலு வீடு.
எனக்கு அந்தச் சொல் கோப்பிலிருந்து வரவில்லை,
குளியலறையிலிருந்து வந்தது.
பிப்ரவரியில் குடிவந்தபோது அந்தக் குழாய்க்குக் காசம்.
மார்ச்சில் தெளிந்துவிட்டது.
"ஊரு பரவாயில்ல, தண்ணி நல்லா வருது" என்று
அக்காவுக்குப் போன் பண்ணினேன்.
எப்படி வருகிறது என்று ஒரு நாளும் விசாரிக்கவில்லை.
விசாரணை அலுவலர்.

"கடைசி வீட்டில் யார் இருக்கிறார்கள்?"
அவர் மின்விசிறியைப் பார்த்தார்.
"யாரோ உத்தியோகத்துல இருக்கவுக. மொகம் பாத்ததில்ல."
தெரிந்து சொன்னாரா? தெரியாமலா?
பதினொரு வருஷமாக முகங்களைப் படித்துச் சம்பளம் வாங்குகிறேன்.
அந்த முகத்தை என்னால் படிக்க முடியவில்லை.

கோப்பிலிருந்து விலகுகிறேன் என்று எழுதலாம். முறை அதுதான்.
புது அலுவலர் வர ஆறு மாதம்,
முதலிலிருந்து தொடங்க ஒரு வருஷம்.
அதுவரை அவருக்குப் பணிக்கொடை இல்லை,
இளைய மகளுக்குத் தை மாதம் தேதி குறித்திருக்கிறது.
விலகாமல் 'நிரூபிக்கப்படவில்லை' என்று எழுதினால்,
குடித்த தண்ணீருக்கு நான் கொடுக்கிற கையூட்டு அது.
நாளைக்கே இன்னொரு முத்தான கையெழுத்து வரும்.

நேற்று ராத்திரி குழாயைத் திறந்தேன்.
வால்வுக்குப் புது ஆள், நேரம் தவறாதவன்.
இரண்டு இருமல். அரை வாளி.
அதில் முகம் கழுவிக்கொண்டு ஆபீஸ் வந்து
நின்றபடியே சொன்னேன்: அடி, இன்பவல்லி.
கதவு எண் முப்பத்தொன்று பி. குடியிருப்பவர்
விசாரணை அலுவலர். மார்ச் மாதம் தண்ணீர் வந்தது.
காசு கொடுக்கவில்லை. மோரும் கொடுக்கவில்லை.

அடித்துவிட்டு விரலைத் தூக்கிக்கொண்டு கேட்டாள்:
"மேடம், இது அரசுத் தரப்புச் சாட்சியா,
அவரு தரப்பா?"