கம்ப்ரசர் ஓடுச்சுங்க

சேலத்து லேபர் ஆபீசில் ஏழாவது வாய்தா.
திருச்செங்கோட்டில் ஆறேகால் பஸ்ஸைப் பிடித்தால்தான்
பெயர் கூப்பிடும்போது நிற்க முடியும்.
மனுதாரர் ஒன்று, கோகிலாமணி. நான்தான்.
மனுதாரர் மூன்றுக்கு இன்று கணக்குப் பரீட்சை.
மனுதாரர் இரண்டு, அவரைப் பெற்ற அத்தாயம்மாள்,
மாடிப்படி ஏற முடியாமல்
கீழே ஜெராக்ஸ் கடை நிழலில்.

எதிர்மனுதாரர் ஒன்று, ரிக்கு வண்டி முதலாளி.
என் வளைகாப்புக்கு ஐந்நூற்று ஒன்று மொய் வைத்தவர்,
ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.
எதிர்மனுதாரர் இரண்டு, கோர்பா நிலக்கரிக் கம்பெனி,
வரவில்லை. கடுதாசி மட்டும் வந்திருக்கிறது,
இந்தியில்.
செங்கோட்டுவேல் அதில் செங்குட்டு பேல்.
அப்படி யாரும் எங்கள் மஸ்டர் ரோலில் இல்லை என்கிறதாம்.

வக்கீலம்மா கால்குலேட்டரைத் திருப்பிக் காட்டினார்.
ஆதாரில் வயது நாற்பது, பள்ளிச் சான்றில் முப்பத்தேழு.
நடுவில் இருக்கும் மூன்று வருடம்
ஐம்பத்தொன்பதாயிரத்து எழுநூற்று எழுபத்தைந்து ரூபாய்.
எது நிஜம் என்று கீழே போய்க் கேட்டேன்.
"நம்ம காட்டுல நூத்தெம்பது அடியில தண்ணி வந்த வருசம்"
என்றார் அத்தை.
இப்போது ஆயிரத்து இருநூறு அடியிலும் புகைதான்.
அடியை வருடமாக்கும் அட்டவணை
அந்தச் சட்டப் புத்தகத்தில் இல்லை.

முதலாளியின் வக்கீல் எழுந்தார்.
ஷிப்டு முடிந்துவிட்டது,
ஒன்றுக்குப் போக இறங்கியவர் மேல் மண் சரிந்தது,
வேலையில் இருந்தார் என்று
இங்கே இருந்த உங்களுக்கு எப்படித் தெரியும்?

நாலு பத்துக்குப் போன் வந்துச்சுங்க.
எருமைக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தனுங்க.
ஆறு நிமிசம், பில்லுல இருக்குது.
மண்ணு சரிஞ்சது நாலேகாலுக்குன்னு
அவங்க கடுதாசியே சொல்லுதுங்க.
பின்னால கம்ப்ரசர் ஓடுச்சுங்க.

டைப் அடிப்பவர் சொல்லிக்கொண்டே அடித்தார்:
பின்னணியில் ஏதோ சத்தம் கேட்டதாக.
ஏதோ சத்தம் இல்லீங்க, கம்ப்ரசர்.
காத்து ஏறும்போது ஒரு கொரலு,
பிட்டு கல்லுல ஏறுனா வேற கொரலு,
ராடு மாட்டறப்போ கொஞ்சம் அடங்கும்.
பதினாலு வருசமா அவரு பேசுன போன்லயெல்லாம்
அதுவுந்தான் பேசியிருக்குது.
அன்னிக்கு ஒரு ராடு மாட்டுனாங்க.
நல்லாத் தெரியுமுங்க.

கமிஷனர் முதல் தடவையாக நிமிர்ந்தார்.
"சரிம்மா. அவர் என்ன சொன்னார்?"

அது கேக்கிலீங்க.

பையன் பேரச் சொன்ன மாதிரி இருந்துச்சு.
நான்தான் சத்தமாப் பேசுங்க, சத்தமாப் பேசுங்கன்னு
ஆறு நிமிசமும் கத்திட்டே இருந்துட்டனுங்க.

அதையும் அடித்தார்கள்.
வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கினார்கள்.
அடுத்த வாய்தா இருபத்து மூன்று.

ஆயிருச்சா என்றார் அத்தை.
ஓடுச்சுன்னு எழுதிக்கிட்டாங்க என்றேன்.
ஜெராக்ஸ் மிஷின் இரைச்சலில்
என்ன, என்ன என்கிறார்.