இரண்டாவது படம்

ரீகா நகரில் பனி. ஸைகாவின் திரையில்
ஓடுகிறவன் ஓடவில்லை;
நின்ற இடத்தில் கால் மாற்றுகிறான்.
பைன்மரங்கள்தாம் இடப்பக்கம் ஓடுகின்றன,
தூரத்துத் தேவாலயம் சோம்பலாய்,
வேலிக்கம்பிகள் விழுந்தடித்து.

ஒரே படம், இரண்டு பிரதி.
முன்னது விளிம்பைத் தாண்டியதும்
சத்தமில்லாமல் தூக்கி
மற்றதன் வாலில் ஒட்டுகிறாள்.
நேற்று அந்த ஒட்டில் ஒரு பிக்சல் இடைவெளி:
காட்டைக் கீறிய கறுப்புக் கோடு.
இரவு இரண்டு மணிக்கு அடைத்தாள்.

ஆடிப் பார்த்துப் பிழை சொல்லும் குன்டார்ஸ்
உதட்டைப் பிதுக்கினான்:
"பதினொரு நொடிக்கொருமுறை
அதே காக்கை."

இரண்டாம் பிரதியில் மட்டும்
காக்கையை அழித்தாள்.

இப்போது இருபத்திரண்டு நொடி.
குன்டார்ஸ் குதிக்க மறந்து
பள்ளத்தில் விழுகிறான்,
வெறுங்கிளையைப் பார்த்தபடி.