ஏணி பிடித்தவன்

மிடில்ஸ்பரோவில் அந்தச் செப்டம்பர் காலை
ஏணியைப் பிடித்திருந்தது நான்தான்.
மேலே நின்றவன்
பித்தளை எழுத்துகளை ஒவ்வொன்றாய்க்
கழற்றிக் கீழே தந்தான்.
ஆற்றங்கரையில் இன்னொரு உலை அணைந்த வாரம் அது.
மேயர் வந்தார், கேக் வெட்டினார்,
பாலிடெக்னிக் பல்கலைக்கழகம் ஆயிற்று.

கட்டடம் அதே.
கூரை ஒழுகும் இடத்தில் அதே வாளி.
என் இடுப்பில் அதே எண்பத்தொரு சாவி.
கப்பல் கட்டும் பையன்களுக்கு
இரவில் கணக்குச் சொல்லித்தரத் தொடங்கிய இடமாம்;
வெல்டிங் என்று எழுதிய சாவி
இப்போது திறப்பது
கணினித் திரையில் பொம்மைகள் நடை பழகும் அறையை.
வில்லையை மாற்றச் சொன்னார்கள்.
மாற்றவில்லை. கைக்குத் தெரியும்.

பழைய பெயர் அச்சிட்ட தாள் பன்னிரண்டு பெட்டி.
டோரீன் நாலு நாலாய்க் கிழித்து
தொலைபேசிக்குப் பக்கத்தில் வைத்தாள்.
இரண்டு வருடம்
பாலிடெக்னிக்கின் முதுகில்தான்
பல்கலைக்கழகம் குறிப்பெழுதியது.

கெவின் தாக்ரே, கிரேன் ஓட்டி.
ஏழு வருடம், செவ்வாயும் வியாழனும்,
எண்ணெய் மணக்கும் கையோடு வந்து படித்தவன்
முந்தின வருடம்தான் தேறியிருந்தான்.
புதுப் பெயரில் ஒரு சான்றிதழ் கிடைக்குமா என்று
அலுவலகச் சன்னலில் குனிந்து கேட்டான்.
விதி இல்லை என்றார்கள், மரியாதையாகத்தான்.
வெளியே வந்து என்னிடம் நெருப்புக் கேட்டான்.
இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம்:
கரி படிந்த செங்கல்லில்
கழற்றிய எழுத்துகள் வெளிறிக் கிடந்தன,
முன்னைவிடத் துலக்கமாய்.
"வாசிக்க முடிகிறதே" என்றான்.

எனக்கும் ஒரு பெயர் இருந்தது, பரராஜசிங்கம்.
சம்பளப் பேரேட்டில் கட்டம் போதவில்லை,
டோரீன் அதைப் பாரி ஆக்கினாள்.
முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயரென்று
அவளுக்கு எப்படித் தெரியும்?
நான் சாவி கொடுப்பவன், அதையும்
கையெழுத்து வாங்கிக்கொண்டு.

எழுத்துகளைக் குப்பைக்கு என்றார்கள்.
நடுவிலிருந்த 'பி'யை மட்டும்
கோட்டுக்குள் செருகிக்கொண்டேன்.
அதற்கும் எனக்கும் ஒரே தலையெழுத்து.
திருட்டுத்தான்.

கொதிகலன் அறைக் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும் கதவு.
பதினான்கு குளிர்காலமாய் அந்தப் பித்தளைதான்
அதற்கு அண்டை.
மேலே மண்டபத்தில் இன்று பட்டமளிப்பு;
பெயர்களை முழுதாய் வாசிக்கிறார்கள்,
நீளமான பெயர்களைக்கூட, தடுக்கித் தடுக்கி.
குழாய் வழியே கேட்கிறது.
நான் சூட்டை ஒரு புள்ளி கூட்டிவைக்கிறேன்.